செவ்வாய்க்கிழமை ஸ்கர்ட்

இதை எழுத உட்காரும் முன் இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கேட்டுவிட்டேன். ஒருத்தி என் பெரியம்மா மகள். எனக்குப் பேச்சு வந்த நாளிலிருந்து அவளை அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன். இங்கேயும் அவள் அக்காதான். இன்னொருத்தி அக்காவோடு ஒரே கிளினிக்கில் வேலை பார்க்கும் பெண். இரண்டு பேர் சொன்ன நேரமும் ஒரு நிமிடம்கூட முன்பின் இல்லை. இரண்டாமவள் ஒன்றைப் பத்தாக்கிச் சொல்கிற ரகம், அதை மறைக்கவில்லை. ஆனால் அக்கா அப்படிப்பட்டவள் கிடையாது. அடுத்தவர் காதில் என்ன விழுகிறது, என்ன விழவில்லை என்று அளந்து தாளில் குறிப்பதுதான் அவள் பிழைப்பு. இல்லாததை எழுதினால் வேலை போய்விடும்.

நம்புவது உங்கள் விருப்பம். நடந்தது பட்டப்பகலில். ஒரு செவ்வாய்க்கிழமை, மூன்று பன்னிரண்டுக்கும் மூன்று முப்பத்தொன்றுக்கும் நடுவில்.

முதலில் அக்காவின் உடுப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். விவகாரமே அதில்தான் தொடங்கியது.

காது டாக்டர் ஒருவரின் கிளினிக்கில் பதினோரு வருடமாக வேலை. அங்கே கொடுத்த யூனிஃபார்ம் ஒரு நைலான் கோட், ஒரு நைலான் பேன்ட். பேன்ட்டில் பை இருப்பது போலத் தையல் ஓடியிருக்கும். கை விட்டால் பை இருக்காது. நாள் முழுக்க உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பில் எலாஸ்டிக் தடம் சிவப்பாகப் பதிந்துவிடும். காது பார்க்கும் டார்ச், பேனா, சாவி, கைக்குட்டை எல்லாவற்றையும் கையிலேயே தூக்கிக்கொண்டு அலைவாள். ஒருநாள் சாவியை நோயாளியின் மடியில் மறந்து வைத்து, அவர் அதை வீட்டுக்கே கொண்டுபோய்விட்டார். அன்றைக்குத்தான் அக்காவுக்குப் பொறுமை போனது.

பழைய பேப்பர் கடையில் ஒரு தையல் புத்தகம் கிடைத்தது. படங்கள் கையால் வரைந்தவை. அறுபது எழுபது வருடத்துக்கு முன்னால் வேலைக்குப் போன பெண்கள் போட்ட உடுப்புகள். அழகுக்காக அவள் அதை வாங்கவில்லை. எல்லா ஸ்கர்ட்டிலும் பை இருந்தது. அதுதான் காரணம்.

அதைத் தூக்கிக்கொண்டு தையல்காரரிடம் போனாள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

“இதெல்லாம் இப்போ யாரும்மா போடறாங்க?”

“நான் போடறேன்.”

“பை இவ்வளவு ஆழமா? உள்ள ஏதாவது விழுந்தா தேட ஆள் விடணும்.”

“விழட்டும். நீங்க தச்சுக் குடுங்க.”

இப்படியாக ஐந்து உடுப்பு சேர்ந்தது. தொளதொள என்று உயர இடுப்பு வைத்த பேன்ட் இரண்டு. கால்சட்டை மாதிரியே இரண்டாகப் பிரிந்த ஒரு பழுப்பு ஸ்கர்ட். முன்பக்கம் பொத்தான் வைத்த ஒரு நீல கவுன். ஐந்தாவதுதான் அந்தச் சாம்பல் ஸ்கர்ட். தடித்த பருத்தி. முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் இறங்கும். இடுப்பில் இறுக்காத அகலப் பட்டி, விரிந்து சுழலும் கரை, இரண்டு பக்கமும் மணிக்கட்டு மறையும் ஆழத்துக்குப் பை. மேலே வட்டக் காலர் வைத்த வெள்ளைச் சட்டை. குளிரடித்தால் ஒரு பொத்தான் ஸ்வெட்டர். காலில் குதி உயரமில்லாத, வார் கட்டும் தோல் ஷூ.

ஒன்றை இங்கேயே அழுத்திச் சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் கேட்கக்கூடாது. அதில் பழைய துணி ஒரு முழம்கூடக் கிடையாது. செத்தவர் யாருடைய உடுப்பும் கிடையாது. கடையில் வெட்டி வாங்கிய புதுத் துணி. மாதிரி மட்டும்தான் பழசு.

கிளினிக்கில் அவளுக்கு உடனே ஒரு பெயர் விழுந்தது. ‘கறுப்பு வெள்ளை’. வைத்தவள் முன்மேஜையில் உட்காரும் பெண், நான் கேட்டதாகச் சொன்ன இரண்டாமவள். அவளுக்கு அக்கா ஏற்கெனவே ஒரு பெயர் வைத்திருந்தாள்: ‘ரேடியோ’. காலையில் கதவு திறந்ததிலிருந்து மாலை பூட்டும்வரை அவள் வாய் மூடியதில்லை. வீட்டில் அத்தானும் முதல் வாரம் சிரித்தார். இரண்டாவது வாரம், தனக்கும் அந்த மாதிரி ஒரு பேன்ட் தைக்க முடியுமா என்று மெல்லக் கேட்டார். அக்கா சந்தோஷமாக இருந்தாள். இடுப்புத் தடம் மறைந்தது. சாவி தொலையவில்லை.

அந்தச் சமயத்தில் கிளினிக் இடம் மாறியது. புது இடம் என்றாலும் கட்டடம் பழையது. இரண்டாவது மாடி. நடுவில் தேய்ந்து குழிந்த கல் படிகள். ஒரே நீளமான கூடம், வரிசையாக உயர ஜன்னல்கள், நல்ல வெளிச்சம். பல வருடம் கிடங்காகக் கிடந்து, பிறகு பூட்டியே கிடந்ததாம். அதற்கு முன் என்ன இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. டாக்டர் அதைத் தடுப்புப் போட்டு அறை அறையாகப் பிரித்தார். கூடத்தின் கோடியில் சத்தம் புகாத அறையை வைத்தார்.

அந்த அறையைத் தெரிந்துகொள்ளுங்கள். அலமாரியைவிடக் கொஞ்சம் பெரியது. சுவர் முழுக்கப் பஞ்சு. கதவு அரை அடி தடிமன். உள்ளே ஒரு நாற்காலி, காற்றுக்குக் கூரையில் ஒரு சின்ன ஃபேன், ஒரு கண்ணாடி ஜன்னல். சோதனைக்கு வருகிறவர் தலையில் ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து உட்கார வைப்பார்கள். அக்கா கண்ணாடிக்கு வெளியே மெஷின் முன்னால் இருப்பாள். அவள் ஒலி அனுப்புவாள். பீப்... பீப்... கேட்டால் பொத்தானை அமுக்க வேண்டும். அக்கா பக்கத்தில் ஒரு பச்சை விளக்கு எரியும். அவ்வளவுதான்.

சாம்பல் ஸ்கர்ட்டுக்கு அக்கா செவ்வாய்க்கிழமையை ஒதுக்கியிருந்தாள். துவைத்துக் காய வைக்கும் கணக்கு அப்படி.

முதல் செவ்வாய். காலை 11.20.

உள்ளே இருந்தவர் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். என்ஜின் இரைச்சலில் ஒரு காது மந்தமாகிவிட்டது. ஹெட்போன் மாட்டிக் கதவைச் சாத்தினாள். வந்து உட்கார்ந்தாள். மெஷினில் இன்னும் கையே வைக்கவில்லை.

பச்சை விளக்கு எரிந்தது.

அணைந்தது. மறுபடி எரிந்தது. ஒரே சீராக, இரண்டு மூச்சு இடைவெளி விட்டு. ஏழு முறை.

பிறகு இல்லை.

அக்கா மைக்கைத் திறந்தாள்.

“ஐயா, சத்தம் கேட்டா மட்டும் அமுக்குங்க.”

“கேட்டுச்சும்மா. அதான் அமுக்கினேன்.”

“நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே.”

“ஒரு அம்மா நம்பர் சொன்னாங்களே. ஒண்ணு, ரெண்டுன்னு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு அமுக்கு அமுக்கினேன். தப்பா?”

“எதுவரைக்கும் சொன்னாங்க?”

“ஏழு. அப்புறம் நிறுத்திட்டாங்க. யாருக்காகவோ காத்திருக்கிற மாதிரி...”

அக்கா குறித்துக்கொண்டாள். ‘ஒலி அனுப்பாமலே 7 முறை.’ அலைவரிசை ஏதோ கலந்திருக்கும் என்று நினைத்தாள். முன்மேஜைக்குப் போய், “உள்ள ரேடியோ கேக்குதாம்” என்றாள். “என்னைச் சொல்றீங்களா? நான் வாயே திறக்கலக்கா” என்றாள் அவள். இருவரும் சிரித்தார்கள்.

புதனிலிருந்து அடுத்த திங்கள் வரை நாற்பத்தொரு பேரைச் சோதித்தாள். ஒன்றும் இல்லை.

இரண்டாவது செவ்வாய். மதியம் 2.40.

பள்ளிக்கூடத்தில் பாட்டு சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை. கூர்மையான காது. எப்போதும் காதில் ஒரு ரீங்காரம் என்று வந்திருந்தார். கதவைச் சாத்திவிட்டு அக்கா உட்கார்ந்தாள்.

விளக்கு. ஒன்று... இரண்டு... மூன்று...

அக்காவின் கை மெஷினிலிருந்து தானாகப் பின்வாங்கியது.

ஏழு. நின்றது.

கண்ணாடிக்கு உள்ளே ஆசிரியை இடது பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே பஞ்சுச் சுவர். ஆனால் அவர் பார்வை சுவரில் நிற்கவில்லை. ஒரு பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறவர்களைக் கடைசி ஆள் வரை பார்ப்பது போல மெதுவாக நகர்ந்து போனது. பிறகு திரும்பினார். அக்காவைப் பார்த்தார். அவளுடைய காலரை. சட்டையை. மறுபடி முகத்தை.

ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே வந்தார். கைப்பையை எடுத்துக்கொண்டார்.

“என்னாச்சுங்க?”

“உள்ள யாரோ பேசறாங்க.”

“நம்பரா?”

“நம்பர் முடிஞ்சிடுச்சு. அப்புறம் அந்த அம்மா, எட்டு எங்கேன்னு கேட்டாங்க. ஒரு சின்னப் பொண்ணு குரல் பதில் சொல்லுச்சு...”

“என்னன்னு?”

அவர் கதவு வரை போய்விட்டார். அங்கிருந்து சொன்னார்.

“கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கா. நம்ம உடுப்புதான் போட்டிருக்கா... அப்படின்னு.”

அவர் ரிப்போர்ட் வாங்கக்கூட வரவில்லை.

மறுநாள் மெக்கானிக் வந்தார். கம்பியைக் கழற்றி மாட்டினார். அரை மணி நேரம் உள்ளே உட்கார்ந்து கேட்டார். மெஷினில் ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். டாக்டர் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டார்.

“ரெண்டு டெஸ்ட் கெட்டுப் போச்சும்மா. மெஷின் நல்லாயிருக்குன்னா தப்பு யார்கிட்ட இருக்கு?”

“எனக்கும் புரியல டாக்டர்.”

“இன்னொண்ணு இப்படி ஆச்சுன்னா உன்னை அந்த நாற்காலியில வச்சிருக்க முடியாது.”

பதினோரு வருட வேலை. அன்று மாலை பூட்டும் நேரத்தில் அக்கா சோதனைத் தாள்களை எல்லாம் எடுத்துப் பரப்பினாள். தேதி தேதியாகப் பார்த்தாள். இரண்டு செவ்வாய்க்கிழமைகள். அந்த இரண்டு நாளிலும் காலையில் வேறு சிலரும் வந்திருந்தார்கள். அவர்கள் தாள்களிலும் பொருந்தாத புள்ளிகள் இருந்தன. எண்ணினாள். ஒவ்வொன்றிலும் ஏழு. அந்தப் பாவப்பட்டவர்கள் ஏதோ கேட்டதென்று அமுக்கிவிட்டு, சொல்லக் கூச்சப்பட்டுப் போயிருக்கிறார்கள்.

வீட்டில் சொன்னாள். அத்தான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“அந்த ஸ்கர்ட்டைப் போடாதே. விஷயம் முடிஞ்சுது.”

“நான் எதை உடுத்தணும்னு ஒரு ஹெட்போன் முடிவு பண்ணுமா?”

“விளையாட்டுக்குச் சொல்லல.”

“நானும் விளையாடல. மத்தவங்க எல்லாரும் கேட்டுட்டாங்க. நான் இன்னும் கேக்கல. எனக்குத் தெரிஞ்சாகணும்.”

அக்காவைப் பற்றி ஒன்று சொல்கிறேன். வேண்டாம் என்று சொல்லி அவளை நிறுத்த முடிந்தவர்கள் எங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் இல்லை.

மூன்றாவது செவ்வாய்.

சாம்பல் ஸ்கர்ட்டை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு போனாள். அன்றைக்கு யாருக்கும் சோதனை வைக்கவில்லை. எல்லாரையும் வேறு நாளுக்கு மாற்றிவிட்டாள். மதியம் டாக்டர் ஆப்பரேஷனுக்காக ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். 3.05க்கு ரேடியோ ஃபிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு டீ வாங்கக் கீழே இறங்கினாள். வர அரை மணி ஆகும். கடைக்காரரிடமும் பேச வேண்டுமே.

கூடத்தில் யாரும் இல்லை. ஜன்னல் வழியாக வெயில் கட்டம் கட்டமாகத் தரையில் விழுந்திருந்தது.

அக்கா மெஷினை அணைத்தாள். சுவரிலிருந்து பிளக்கையும் பிடுங்கினாள்.

3.12. உள்ளே போனாள். கதவை இழுத்தாள். மூடியதும் எப்போதும் போலக் காதுக்குள் ஒரு அழுத்தம். நாற்காலியில் உட்கார்ந்தாள். ஸ்கர்ட்டின் கரை இரண்டு பக்கமும் விரிந்து விழுந்தது. ஹெட்போனை மாட்டினாள்.

அமைதி.

அந்த அறையின் அமைதி வெளியே எங்கும் கிடைக்காது. சொந்த மூச்சு கேட்கும். எச்சில் விழுங்குவது கேட்கும். ஸ்வெட்டர் உரசுவதுகூடக் கேட்கும். அக்கா தன் நாடித் துடிப்பை எண்ணிக்கொண்டிருந்தாள்.

மேலே ஃபேன் நின்றது.

அதை முதலில் அவள் கவனிக்கவில்லை. ஏதோ குறைகிறது என்று மட்டும் தோன்றியது. பிறகு புரிந்தது... ‘உஸ்’ என்று ஓடிக்கொண்டே இருக்கும் சத்தம் இல்லை.

பிறகு வேறு ஒரு சத்தம்.

கிர்ர்ர்...

மரத் தரையில் நாற்காலி இழுபடும் சத்தம். அறைக்குள் தரை மரமில்லை, ரப்பர் விரிப்பு.

டக்... டக்... டக்...

எதையோ ஓட்டையில் செருகி எடுப்பது போல. பக்கத்தில். பிறகு தள்ளி. பிறகு அதற்கும் தள்ளி. ஓர் அறைக்குள் அடங்காத தூரம் வரை.

பிளக் பிடுங்கிய ஹெட்போனில்.

கழற்றிவிடலாம் என்று நினைத்தாள். நினைப்பு வந்தது, கை எழவில்லை. பயத்தால் இல்லை என்று பிறகு சொன்னாள். தூக்கமாக வந்ததாம். நெற்றிப் பொட்டில் லேசான வலி. சுகமான, கதகதப்பான தூக்கம்.

அப்போது அந்தக் குரல். நடுத்தர வயது. பழகிய, அலுத்துப்போன குரல்.

“ஒண்ணு.”

வெகு தூரத்தில் ஒரு பெண்:

“இருக்கேன்.”

“ரெண்டு.”

“இருக்கேன்.”

கொஞ்சம் கிட்டே. வேறு குரல்.

“மூணு.”

“இருக்கேன்.”

இன்னும் கிட்டே.

ஒவ்வொரு குரலும் ஒரு நாற்காலி தூரம் நெருங்கி வந்தது. எல்லாம் இடது பக்கத்திலிருந்து. நாலு. ஐந்து. ஆறு. ஆறாவது குரலில் ஒரு கொட்டாவி கலந்திருந்தது.

“ஏழு.”

“இருக்கேன்.”

இது ஹெட்போனில் கேட்கவில்லை.

பக்கத்தில் கேட்டது.

அக்கா திரும்பவில்லை. கண்ணை மட்டும் கீழே இறக்கினாள். இடது பக்கம் விரிந்து கிடந்த ஸ்கர்ட்டின் கரை... இழுபட்டிருந்தது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர் தெரியாமல் நம் துணி மேல் உட்கார்ந்துவிடுவார்களே, அந்த மாதிரி. துணி மடங்கி, அமுங்கி, இறுகி இருந்தது.

அதன் மேல் யாரும் இல்லை.

“எட்டு.”

அமைதி.

“எட்டு?”

அக்கா எழ முயன்றாள். ஸ்கர்ட் விடவில்லை.

“எட்டு வந்தாச்சா இல்லையா?”

பக்கத்துக் குரல், சின்னப் பெண் குரல், ரகசியமாகச் சொன்னது.

“சொல்லேன். சொன்னா முடிஞ்சுது.”

இடது பைக்குள்... ஏதோ அசைந்தது. விரல்கள். அக்காவின் கை அங்கே பைக்குள்தான் இருந்தது. குளிர்ந்த விரல்கள் அதைத் தேடிப் பிடித்தன. அன்பாகத்தான் பிடித்தன. அவளால் இன்றுவரை மறக்க முடியாதது அதுதான்.

வாய் திறந்தது. தன் வாய் தன்னைக் கேட்காமல் திறப்பது அவளுக்குத் தெரிந்தது.

“இரு...”

மூச்சு வரவில்லை.

“இருக்...”

அப்போது வலது பக்கத்தில் ஒரு மூச்சிரைப்பு.

ஓடி வந்தவள் மாதிரி. மாடிப்படி ஏறி வந்தவள் மாதிரி. மற்ற ஏழு குரல்களும் இளசு. இது தளர்ந்து, கரகரத்து, வயதான குரல்.

“இருக்கேன்.”

எல்லாச் சத்தமும் நின்றது.

“எட்டு. சரி.”

டக்.

பைக்குள் கை விலகியது. ஸ்கர்ட்டின் கரை தளர்ந்து சுருக்கம் விட்டது. மேலே ஃபேன் ‘உஸ்’ என்று ஓட ஆரம்பித்தது.

அக்காவுக்கு நினைவு வந்தபோது அறைக்கு வெளியே தரையில் கிடந்தாள். முகத்தில் தண்ணீர். ரேடியோ அவளைக் கக்கத்தில் கை கொடுத்து வெளியே இழுத்துப் போட்டிருந்தாள். தான் கூடத்துக்குள் வந்தபோது சுவர்க் கடிகாரத்தில் 3.31 என்றாள். அக்காவைக் கேட்டால் உள்ளே நாலைந்து நிமிடம் இருந்திருப்பேன் என்பாள்.

டாக்டர் விளக்கம் சொன்னார். ஃபேன் நின்றுவிட்டது, மூடிய அறை, காற்று போதவில்லை, மூளைக்குக் காற்று குறைந்தால் இல்லாதது எல்லாம் கேட்கும். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ரேடியோ மட்டும் குறுக்கே ஒரு வார்த்தை சொன்னாள்.

“கதவு சாத்தியே இல்ல டாக்டர். நான் வரும்போது ஒரு சாண் திறந்துதான் இருந்துச்சு.”

 டாக்டர் வேலை போகும் பேச்சை அதன் பிறகு எடுக்கவில்லை. அந்த அறையை மட்டும் வேறு இடத்துக்கு மாற்ற ஆள் வரச் சொன்னார்.

அவர் போன பிறகு ரேடியோ அக்காவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எதையும் அரை மணி நேரத்துக்கு இழுத்துச் சொல்கிறவள், அன்றைக்கு நாலே வரியில் சொன்னாள்.

“நான் படியேறி வர்றப்ப யாரோ என்னை இடிச்சுக்கிட்டு மேல போனாங்கக்கா. வயசானவங்க மாதிரி மூச்சு வாங்கிச்சு. ஒதுங்கி வழி விட்டேன். பார்த்தா... படியில யாருமே இல்ல.”

அக்கா சாம்பல் ஸ்கர்ட்டை அலமாரியின் மேல் தட்டில் போட்டாள். மற்ற நாலையும் தொடவில்லை. பழைய நைலான் கோட்டையும் பேன்ட்டையும் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். இடுப்பில் மறுபடி தடம் விழுந்தது. ‘கறுப்பு வெள்ளை’ என்று யாரும் கூப்பிடவில்லை.  ராத்திரி அவள் தூங்கும்வரை அத்தான் விளக்கை அணைக்காமல் வைத்திருந்தார்.

எட்டு நாள் கழித்து, புதன்கிழமை காலை 10.15.

ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மா வந்தார். கையில் சின்ன டப்பா. காதுகேட்கும் மெஷின் வைக்கிற டப்பா.

“எங்கம்மாவோடது. போன வாரம் தவறிட்டாங்க. வேற யாருக்காவது உதவட்டுமேன்னு கொண்டுவந்தேன்.”

அக்கா அனுதாபம் சொன்னாள். பெயர் கேட்டுக் கோப்பைத் தேடி எடுத்தாள். கிளினிக் பழைய இடத்தில் இருந்தபோது வந்துகொண்டிருந்தவர். பார்த்துப் பார்த்து அவருக்கு மெஷினைப் பொருத்தியதும் அக்காதான். முகம் மங்கலாக நினைவுக்கு வந்தது.

“கடைசிச் செக்கப்புக்கு வரலியே அவங்க?”

“படுக்கையில விழுந்துட்டாங்க. தூக்கிக்கிட்டு வந்திருப்போம். ஆனா நீங்க இந்தக் கட்டடத்துக்கு மாறிட்டீங்கன்னு சொன்னதும் ஒரே பிடிவாதம். அந்தப் படியில காலை வைக்க மாட்டேன்னுட்டாங்க.”

“ஏன்?”

“வயசுல இங்கதான் வேலை பார்த்தாங்க. அப்போ இது டெலிபோன் எக்ஸ்சேஞ்ச். இதே மாடி.”

அக்கா கோப்பை மேஜையில் வைத்தாள்.

அந்த அம்மா சாதாரணமாகத்தான் சொன்னார். சிறு வயதிலிருந்து பல தடவை கேட்ட கதை. வரிசையாக எட்டு நாற்காலி, எட்டுப் பெண்கள், தலையில் ஹெட்போன், முன்னால் பலகை ஓட்டைகளில் கம்பியைச் செருகி அழைப்பை இணைக்கும் வேலை. பின்னால் ஒரு மேற்பார்வை அம்மா, மணிக்கு ஒரு தடவை எண்ணிப் பார்ப்பார். ஒரு குளிர்காலம். ஜன்னல் எல்லாம் சாத்தி, மூலையில் கரி அடுப்பு மூட்டி வைத்திருக்கிறார்கள். புகைகூடத் தெரியவில்லை. மதியம் அழைப்பு எதுவும் போகவில்லை என்று கீழேயிருந்து ஆள் வந்து பார்த்தபோது எல்லாரும் உட்கார்ந்தபடியே இருந்தார்கள். யாரும் ஹெட்போனைக்கூடக் கழற்றவில்லை.

“அம்மா மட்டும் எப்படித் தப்பிச்சாங்க?”

“ஸ்கர்ட்டுல பை கிழிஞ்சு பென்சில் கீழ விழுந்துக்கிட்டே இருந்துச்சாம். ஊசி நூல் வாங்கக் கீழ போயிருக்காங்க. திரும்பி வந்தா...” அவர் கையை விரித்தார். “அப்போ எல்லாருக்கும் ஒரே உடுப்பு. சாம்பல் ஸ்கர்ட், வட்டக் காலர். நாள் பூரா உட்கார்ற வேலையில்ல, இடுப்பு இறுக்காம, பெரிய பையா வச்சுத் தச்சுக் குடுப்பாங்களாம். அதை மட்டும் பெருமையா சொல்லுவாங்க.”



“எப்போ தவறினாங்க?”

“செவ்வாய்க்கிழமை. மூணு மணியிலிருந்தே ஒரு மாதிரி இருந்தாங்க. ரெண்டு வருஷமா தானா எழுந்து உட்காராதவங்க, எழுந்து உட்கார்ந்தாங்க. யாரோ கூப்பிடற மாதிரி திரும்பித் திரும்பிப் பார்த்தாங்க. அப்புறம் மூச்சு வாங்க ஆரம்பிச்சுது.”

“ஏதாவது... சொன்னாங்களா?”

“அவ நம்ம ஆள் இல்ல, அவளை விட்டுடுங்கன்னாங்க. யாரைச் சொல்றாங்கன்னு எனக்கு ஒண்ணும் புரியல. அப்புறம் ‘இருக்கேன்’னு ஒரே ஒரு வார்த்தை. அதோட போயிட்டாங்க. நான் மணியைப் பார்த்தேன்.”

அக்கா கேட்கவில்லை. அவரே சொன்னார்.

“மூணு முப்பத்தொண்ணு.”

டப்பாவை அக்கா பக்கம் நகர்த்தி வைத்தார். எழுந்தார்.

“மெஷின் நல்லாத்தான் இருக்கு, பார்த்துக்கங்க. ஒரு மாசமா அதை மாட்டவே விடல. பேட்டரி கழட்டி டப்பாவுலயேதான் கிடந்துச்சு.”

“அப்போ அன்னிக்கு அவங்க காதுல...?”

“ஒண்ணும் இல்லீங்க. அதான் எனக்கும் ஆச்சரியம். யாரோ கேட்டதுக்குப் பதில் சொன்ன மாதிரியே இருந்துச்சு.”

அவர் படியிறங்கிப் போகும் சத்தம் கேட்டு முடிந்த பிறகு அக்கா கோப்பைத் திறந்தாள். கடைசிச் சோதனைத் தாள். அவளே எழுதியது, அவளே கையெழுத்துப் போட்டது.

மெஷின் இல்லாமல், வலது காது: பதில் இல்லை.

மெஷின் இல்லாமல், இடது காது: பதில் இல்லை.